இராமானுஜன் எழுதிய விண்ணப்பங்கள்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றதும் நம்மவர் மனத்திலே எழும் சித்திரம் ஒன்றுண்டு. வறிய வீட்டிற் பிறந்த பிள்ளை. கல்லூரித் தேர்விலே தோற்றவர். நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளாற் கணித உண்மைகளைக் கனவிலே கண்டவர். இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவர் அவரை இனங்கண்டு கப்பலேற்றி அழைத்துக்கொண்டார். இவ்வளவே கதை. இக்கதையிற் பொய்யென்று தள்ளத்தக்கது அதிகமில்லை. ஆனால், இதனைக் கேட்கும் மாணவன், மேதைக்கு உதவி தானாகவே தேடிவரும் என்றும், தனக்கு அது தேடி வாராமையால் தான் தகுதியற்றவன் என்றும் முடிவு செய்துவிடுகிறான். உண்மை அவ்வாறன்று. இராமானுஜன் ஏறக்குறைய நான்காண்டு காலம் ஊர் ஊராகவும் அலுவலகம் அலுவலகமாகவும் அலைந்து உதவி கேட்டவர். பலமுறை இல்லை என்ற விடையையும், சிலமுறை விடையே இல்லாமையையும் பெற்றவர். எவரிடம் எதனை எவ்வாறு கேட்பது என்பதை அத்தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்டவர். வாழ்க்கையின் அந்தப் பகுதியையே ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தேன்.

தமிழாசிரியன் ஒருவனுக்குக் கணித மேதையோடு என்ன உறவு என்று மலர்க் குழுவிலுள்ள நண்பர் ஒருவர் நகைத்தார். உறவு உண்டு. வில்கமுவையில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுள் எவருக்கேனும் விண்ணப்பம் ஒன்று எழுதவேண்டுமாயின், முதலில் நினைவுக்கு வருபவர் தமிழ் வாத்தியாரே. சில ஆண்டுகளுக்கு முன்னர், கெட்டிக்கார மாணவன் ஒருவனுக்காக உதவி நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதினேன். இரண்டு பக்கம். கொடையாளரின் வள்ளன்மையைப் புகழ்ந்தேன்; குடும்பத்தின் வறுமையை உருக்கமாக வருணித்தேன்; அழகிய தமிழ் என்று எனக்குள்ளே மகிழவுஞ் செய்தேன். பையன் என்ன படிக்கப்போகிறான், எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம் வேண்டும் என்பவற்றை மட்டும் எழுதவில்லை. மறுமொழி வரவேயில்லை. அவன் படிப்பை விட்டு வேலைக்குப் போனான். சந்தை நாட்களில் இன்றும் அவனைக் காண்கிறேன். அவன் என்னை ஒருநாளுங் குறைகூறியதில்லை. இராமானுஜனின் கடிதங்களைப் பின்னர் ஊன்றிப் படித்தபோது, நான் செய்த பிழை இன்னதென்று எனக்கு விளங்கிற்று.

நிற்க. இராமானுஜன் 1887ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆந் திகதி ஈரோட்டிலே, தாயாரின் பிறந்தகத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றிலே கணக்கெழுதினார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பசனை பாடிக் கிடைப்பதையும் வீட்டுச் செலவிற் சேர்த்தார். கல்லூரி மாணவர் சிலரை வீட்டில் வைத்து உணவிட்டும் பொருளீட்டினார். கும்பகோணம் நகர உயர்தரப் பள்ளியில் இராமானுஜன் கணிதத்திலே தனித்து விளங்கினார். கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திரத் திரட்டு ஒன்று 1903ஆம் ஆண்டளவில் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை, நிறுவல் இல்லாமலோ மிகச் சுருங்கிய நிறுவலுடனோ அடுக்கிச் செல்லும் நூல் அது. அதனைப் பார்த்தே அவர் கணிதம் எழுதக் கற்றார். முடிவை எழுதுவார், வழியை எழுதார். இப்பழக்கம் பின்னாளில் அவருக்குப் பெரும் இடையூறாயிற்று என்பதை மாணவர்கள் இங்கேயே குறித்துக்கொள்ளுதல் நன்று.

1904இல் புலமைப்பரிசில் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதமன்றி வேறொன்றையும் கருதாமையால் ஏனைய பாடங்களிலே தவறிப் புலமைப்பரிசிலை இழந்தார். வெட்கமுற்று 1905இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடினார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார், நோயுற்றார், எப். ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தோல்வியே கண்டார். 1909இல் சானகியம்மாளுடன் திருமணம் நிகழ்ந்தது. பட்டமில்லை, தொழிலில்லை, பிள்ளைகளுக்குத் தனிப்பாடஞ் சொல்லிப் பிழைக்கலாமென்றால், பாடத்திட்டத்தோடு நிற்க அவரால் இயலவில்லை. கையிலிருந்தவை கணித முடிவுகள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே.

முதற் கோரிக்கை மிகச் சிறியது. 1910இல் திருக்கோவிலூர் சென்று வி. இராமசுவாமி ஐயரைக் கண்டார். அவர் துணைக் கலெக்டர். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். இராமானுஜன் அவரிடம் வேண்டியது நகரசபையிலோ தாலுகா அலுவலகத்திலோ எழுதுவினைஞர் வேலை ஒன்று. குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த இராமசுவாமி ஐயர், இத்தகைய ஒருவரை வருவாய்த்துறையின் கீழ்ப்படியிலே அமர்த்தி அழித்தல் தகாது என்று எண்ணினார். வேலை கொடுக்க மறுத்தார். ஆனால் சென்னையிலே பேராசிரியராயிருந்த சேசு ஐயருக்கு ஒரு கடிதங் கொடுத்தார். சேசு ஐயர் கும்பகோணத்தில் இராமானுஜனின் ஆசிரியராயிருந்தவர். அவர் வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடஞ் செல்ல வழி பிறந்தது. கேட்டது கிடைக்காமற் போனதே நன்மையாயிற்று என்று இன்று நாம் எளிதிற் சொல்லிவிடலாம். அன்று நெடும்பயணஞ் செய்து வெறுங்கையோடு திரும்பிய இளைஞனுக்கு அது நன்மையாகத் தோன்றியிருக்குமோ என்பது ஐயமே.

இராமச்சந்திர ராவைக் கண்டது 1910ஆம் ஆண்டின் இறுதியில். குள்ளமான பருத்த உருவம்; மழிக்காத முகம்; அழுக்கேறிய உடை; அக்குளிலே நைந்த குறிப்பேடு; கண்களில் மட்டும் ஓர் ஒளி. ராவ் கணிதமறிந்தவர், ஆயினும் அக்குறிப்பேட்டில் இருந்தவை அவருக்கு விளங்கவில்லை. வந்தவர் மேதையோ, ஏமாற்றுக்காரரோ என்று துணிய முடியாமற் பின்னர் வரச்சொன்னார். இராமானுஜன் மீண்டும் வந்தார். இங்கேதான் அவர் கற்றுக்கொண்ட முதற்பாடத்தைக் காண்கிறோம். அரிய முடிவுகளை ஒருபுறம் வைத்துவிட்டு, ராவ் அறிந்த நூல்களுக்குச் சற்றே அப்பாற்பட்ட எளிய முடிவுகளை முதலிற் காட்டினார். அவை உண்மையென்று கேட்பவர் கண்டுகொண்டபின், அடுத்த படிக்கு அழைத்துச் சென்றார். அதன்பின் அதற்கும் அடுத்தது. இறுதியில் எவரும் அறியாத தம் சொந்தக் கண்டுபிடிப்புகளின் வாயிலில் அவரை நிறுத்தினார். ராவின் ஐயம் அகன்றது. என்ன வேண்டும் என்று வினாவினார். பெருஞ்செல்வமோ பதவியோ இராமானுஜன் கேட்கவில்லை; உணவுக்குக் கவலையின்றி ஆராய்ச்சி செய்யப் போதுமான சிறுதொகை வேண்டும் என்றார். ராவ் மாதந்தோறும் 25 ரூபா தம் கையிலிருந்தே அனுப்பிவரலானார்.

பிறர் தயவிலே நெடுங்காலம் வாழ இராமானுஜன் மனம் ஒப்பவில்லை. இதற்கிடையில் 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் பெர்னூலி எண்கள் பற்றிய அவர் கட்டுரை வெளியாயிற்று. எளிதில் வெளியாகவில்லை. ஆசிரியராயிருந்த பெங்களூர் நாராயண ஐயங்கார், நடை தெளிவில்லை, இடைவழி காட்டப்படவில்லை என்று கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார், இராமானுஜன் திருத்தி அனுப்பினார், மீண்டுந் திரும்பிற்று. ஒரு கட்டுரையை இவ்வாறு பலமுறை எழுதநேர்ந்த அனுபவம் அவருக்கு மிக வேண்டியிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

1912ஆம் ஆண்டு பெப்ருவரி 9ஆந் திகதி, திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகப் பொறுப்பாண்மைக் குழுவின் பிரதம கணக்காளருக்கு வேலை வேண்டி எழுதிய விண்ணப்பம் இன்றும் உளது. மிகச் சுருங்கிய கடிதம். மெற்றிக்குலேசன் தேறியமை, எப். ஏ. வரை படித்தமை, சில எதிர்பாராத இடையூறுகளாற் படிப்பைத் தொடர முடியாமை, அன்றுதொட்டுக் கணிதத்திலேயே காலத்தைச் செலவிட்டமை, கொடுக்கும் வேலையைச் செம்மையாகச் செய்யலாமென்ற நம்பிக்கை, இவ்வளவே அதிலுள்ளன. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ற் கொடுத்த நற்சான்று உடன் சென்றது. இரண்டு தோல்விகள், ஓடிப்போன அவமானம், பசி, நோய் எல்லாவற்றையும் இடையூறு என்ற ஒரே வாக்கியத்தில் அவர் அடக்கியதைப் பாருங்கள். மறைக்கவுமில்லை, அழவுமில்லை. தோல்வியை விண்ணப்பத்தில் எவ்வாறு சொல்லுவது என்று என்னை வினாவும் மாணவர்க்கு இக்கடிதத்தையே எடுத்துக் காட்டுவதுண்டு.

மார்ச்சு முதலாந் திகதி மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் வேலை தொடங்கிற்று. அங்கே அவருக்கு இருவர் வாய்த்தனர். ஒருவர் குழுவின் தலைவராயிருந்த பொறியியலாளர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங். மற்றவர் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய நாராயண ஐயர். கணிதக் கழகத்தின் பொருளாளருமாவார். இரவுதோறும் நாராயண ஐயரும் இராமானுஜனும் சிலேற்றுப் பலகையுடன் அமர்ந்து கணிதஞ் செய்வர். காகிதம் விலைகூடியது, ஆதலாற் பலகை. இராமானுஜன் ஓரடியிலிருந்து மற்றோரடிக்குத் தாவிவிடுவார். நாராயண ஐயர் விடமாட்டார். எனக்கே விளங்காதாயின் மற்றையோர்க்கு எவ்வாறு விளங்கும், இரண்டு அடிகளுக்கு இடையே பத்து அடிகளேனும் எழுதும் என்ற கருத்துப்பட அவரை வற்புறுத்துவாராம். இராமானுஜனுக்கு அமைந்த ஆசிரியர்களுள் நாராயண ஐயரை நாம் போதிய அளவு போற்றவில்லை. தம்மினும் மேலான அறிவுடையவனுக்கு, அவன் எழுதுவதைப் பிறர் படிக்க வேண்டுமென்பதை நினைவூட்டல் எளிய தொண்டன்று.

துறைமுகத்தார் முயற்சியால், சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிவித் என்பவர் 1912இன் இறுதியில் இலண்டனிலுள்ள தம் பழைய ஆசிரியர் ஹில் அவர்களுக்கு இராமானுஜனின் முடிவுகளை அனுப்பினார். வந்த மறுமொழி பரிவுடையதே; ஆனால் பயன் தரவில்லை. 1, 2, 3 என்று முடிவின்றி வளரும் எண்களைக் கூட்டினால் மறை பன்னிரண்டில் ஒன்று வரும் என்று இராமானுஜன் எழுதியிருந்தார். அவரது கோட்பாட்டில் அதற்குப் பொருளுண்டு; அக்கோட்பாட்டை அவர் விளக்கவில்லை. விரிதொடர்களின் படுகுழியில் இளைஞர் வீழ்ந்துவிட்டார் என்று ஹில் கருதி, புரோம்விச் எழுதிய நூலை நன்கு கற்குமாறு சொல்லிவிட்டார். கேம்பிரிட்ஜிலுள்ள பேக்கர், ஹாப்சன் என்னும் இரு பெரும் பேராசிரியர்களுக்கும் இராமானுஜன் எழுதினார். அவர்களிடமிருந்து ஓர் உதவியுங் கிட்டவில்லை.

மூன்று கதவுகள் அடைபட்டன. நான்காவது கதவை அவர் தட்டிய விதம் வேறு. 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரி ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதம் அது. (கண்டியில் நாமறிந்த கல்லூரியன்று, பெயரொற்றுமை மட்டுமே.) ஆங்கில நடையில் நாராயண ஐயர் முதலியோர் துணைசெய்தனர் என்று கருதுவர். தொடக்கத்திலேயே தாம் யார் என்பதை ஒளிவின்றிச் சொன்னார்: துறைமுகக் கணக்குப் பகுதியில் ஆண்டுக்கு 20 பவுண் பெறும் எழுதுவினைஞர், வயது ஏறக்குறைய 23, பல்கலைக்கழகப் படிப்பில்லை. உண்மையில் அப்போது அவருக்கு 25 நிறைந்திருந்தது. அடுத்து, ஹார்டி 1910இல் வெளியிட்ட சிறுநூலின் ஒரு குறித்த பக்கத்தைச் சுட்டினார். ஒரு வரம்புக்குட்பட்ட பகா எண்கள் எத்தனை என்பதற்குத் திட்டமான கோவை கண்டறியப்படவில்லை என்று ஹார்டி அங்கே எழுதியிருந்தார். அதற்கு மிக அணுகிய விடை தம்மிடம் உண்டென்றார் இராமானுஜன். அதன்பின் ஏறத்தாழ 120 முடிவுகளை அடுக்கினார். அவற்றுள் மதிப்புடையவை உண்டாயின் வெளியிட உதவுமாறும், தாம் வறியவர் என்றும் கூறி முடித்தார்.

அப்பகா எண் விடை பின்னர்ப் பிழையென்று அறியப்பட்டது. ஆயினும் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது. கடிதத்தைத் திறந்தவர் தம் நூலின் பக்கத்தையே அங்கு கண்டார். பெரியார்களுக்கு எழுதும்போது அவர்களைப் புகழ்ந்துவிட்டால் போதும் என்று எண்ணியிருந்த எனக்கு, இராமானுஜன் ஹார்டியைப் புகழாமல் அவர் எழுதியதைப் படித்திருந்தார் என்ற செய்தி நெஞ்சில் தைத்தது. ஹார்டியும் அவர் நண்பர் லிற்றில்வுட்டும் அத்தாள்களை ஆராய்ந்தனர். சில முன்னரே அறியப்பட்டவை, சில தவறானவை, வேறு சில, மிக உயர்ந்த கணிதப் புலவனன்றி மற்றெவரும் கற்பனையாலும் இயற்ற முடியாதவை. எழுதியவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்று அவர்கள் தெளிந்தனர். பெப்ருவரி 8ஆந் திகதி ஹார்டி, நிறுவல்களை அனுப்புமாறு மறுமொழி எழுதினார்.

அதற்கு இராமானுஜன் பெப்ருவரி 27ஆந் திகதி எழுதிய இரண்டாங் கடிதமே என் மனத்துக்கு மிக உகந்தது. முதற்கடிதத்தைப் பலர் பாராட்டுவர். ஒருவன் தன்னம்பிக்கை பெற்றுவிட்டான் என்பது இரண்டாவதிலேதான் தெரிகிறது. இலண்டன் பேராசிரியர் ஒருவர் தமக்குச் சொன்ன அறிவுரையை வெளிப்படையாகவே குறிப்பிட்டார். முடிவில்லா எண்களின் கூட்டுத்தொகையைப் பற்றித் தாம் கூறியதை எடுத்த எடுப்பிலே சொன்னால், பித்தர் விடுதிக்கே தம்மை அனுப்புவர் என்று நகைச்சுவையாகவும் எழுதினார். வழியைக் காட்டியிருந்தால் ஹார்டியும் இலண்டன் பேராசிரியரைப் போலவே கருதியிருப்பார். ஆதலால், முடிவுகளை எண்களிட்டுச் சோதித்துப் பாருங்கள், அவை பொருந்துமாயின் அடிப்படையில் ஏதோ உண்மையுண்டென்று ஒப்புவீர்கள் என்பது அவர் வாதம். பின்னர்த் தம் தேவையைச் சொன்னார். தாம் அரைப்பட்டினி கிடப்பவர். மூளையைக் காக்க உணவு வேண்டும். ஹார்டி பரிவோடு எழுதும் ஒரு கடிதம் பல்கலைக்கழகத்திடமிருந்தோ அரசினரிடமிருந்தோ புலமைப்பரிசில் பெறத் துணையாகும். ஹார்டியிடம் அவர் காசு கேட்கவில்லை. காசு எங்கேயுள்ளது, அதனைத் திறக்கும் திறவுகோல் எது, அத்திறவுகோல் யார் கையில் உளது என்பவற்றை ஆராய்ந்து, அக்கைக்கு உரியதை மட்டுமே கேட்டார். கும்பகோணத்தில் வெட்கத்தால் ஓடிய பிள்ளை இவ்வளவு தூரம் வந்துவிட்டார்.

அதே வாரத்திற் சென்னையிலும் காற்றுத் திரும்பிற்று. வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவர் கில்பட் வாக்கர், தாமும் கேம்பிரிட்ஜிற் கணிதத்தில் முதல்வராகத் தேறியவர், துறைமுகத்துக்கு வந்தபோது ஸ்பிறிங் இராமானுஜனின் தாள்களைக் காட்டினார். மறுநாளே, பெப்ருவரி 26ஆந் திகதி, பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு வாக்கர் பரிந்துரை அனுப்பினார். மார்ச்சு 19ஆந் திகதி கூடிய கணிதப் பாடக்குழு, இரண்டாண்டுக்கு மாதம் 75 ரூபா ஆராய்ச்சிப் பரிசில் அளிக்குமாறு விதந்துரைத்தது. அங்கே ஒரு முட்டுக்கட்டை தோன்றிற்று. அப்பரிசில் முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது, இராமானுஜனோ எப். ஏ. கூடத் தேறாதவர். விதி விதிதானே என்று கோப்பை மூடிவிடுவது எந்த நாட்டு அலுவலகத்துக்கும் எளிய காரியம். ஏப்பிரல் 7ஆந் திகதி ஆட்சிக்குழுக் கூட்டத்தில் உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர் எழுந்து, பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டத்தின் முகவுரையைச் சுட்டினார். ஆராய்ச்சியை வளர்த்தலும் கழகத்தின் நோக்கமென்று அங்கே கூறப்பட்டிருக்க, ஆராய்ச்சி செய்பவரை ஒரு துணைவிதி தடுக்கலாமோ என்பது அவர் வினா. பரிசில் வழங்கப்பட்டது. விண்ணப்பிப்பவன் விதிகளைப் படித்தல் வேண்டும் என்பர். விதிகளுக்கு மேலேயுள்ள நோக்கத்தையும் எவரேனும் படித்திருத்தல் வேண்டும்.

1913 மே மாதம் முதல் அவர் முழுநேர ஆராய்ச்சியாளரானார். பரிசிலுக்கு நிபந்தனை ஒன்றிருந்தது: மூன்று திங்களுக்கு ஒருமுறை அறிக்கை தருதல் வேண்டும். ஓகஸ்ட் 5ஆந் திகதி முதல் அறிக்கை, நவம்பரில் இரண்டாவது, 1914 மார்ச்சில் மூன்றாவது. வரையறுத்த தொகையீடுகளைப் பற்றி அவற்றில் எழுதினார். இக்காலத்துக் கணிதர் இராமானுஜனின் முதன்மைத் தேற்றம் என்று போற்றுவது, கொடுத்த காசுக்குக் கணக்குச் சொல்ல எழுதிய அவ்வறிக்கைகளிலேதான் உள்ளது. பெற்றபின் அறிக்கை எழுதுவதை வெறுஞ் சடங்காகக் கருதுவோர் நம்மிடையே பலர். அவர்களுள் நானும் ஒருவனாயிருந்தேன்.

ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடத்தலைப் பற்றிய குலத்தடையாலும் தாயாரின் கருத்தாலும் முதலில் மறுத்தவர், 1914இன் தொடக்கத்திற் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞரைக் கண்டபோது உடன்பட்டிருந்தார். இனி வேண்டியது பணம். இம்முறை இராமானுஜன் எழுதவேண்டியிருக்கவில்லை. சனவரி 28ஆந் திகதி நெவில் பதிவாளருக்கு எழுதினார். பேராசிரியர் லிற்றில்ஹெயில்ஸ், ஆண்டுக்கு 250 பவுண் பரிசிலும் பயணத்துக்கும் உடைக்கும் 100 பவுணும் என்று தொகையைத் திட்டமாகக் குறித்து எழுதினார். ஸ்பிறிங், ஆளுநர் பென்ற்லண்ட் பிரபுவின் செயலாளருக்கு எழுதினார். ஒருவர் திறமைக்குச் சான்று. ஒருவர் செலவுக்குக் கணக்கு. ஒருவர் அதிகாரத்தின் செவிக்கு வழி. பல்கலைக்கழகம் 10,000 ரூபாவை ஒதுக்கிற்று. அன்றைய மாற்று விகிதத்தில் 250 பவுண் என்பது 3,750 ரூபா. துறைமுகத்தில் அவர் ஓராண்டு முழுவதும் பெற்ற சம்பளம் 360 ரூபா. மார்ச்சு 17ஆந் திகதி அவர் கப்பலேறினார். ஏறுமுன்னர், பரிசிலிலிருந்து மாதம் 60 ரூபா கும்பகோணத்திலுள்ள பெற்றோருக்குச் செல்லுமாறு ஒழுங்கு செய்துவிட்டே ஏறினார்.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை பலரும் அறிந்தது; சுருக்கமாகவே சொல்லுகிறேன். ஹார்டியோடு செய்த ஆராய்ச்சி உலகப் புகழ்பெற்றது. 1916இல் ஆராய்ச்சியாற் பட்டம் கிடைத்தது. போர்க்காலம், குளிர், மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு, தனிமை. உடல் நலிந்தது. 1917 முதல் மருத்துவ நிலையங்களிலேயே பெரும்பாலுங் கழித்தார். 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டு திரித்துவக் கல்லூரியின் உறுப்பினராகவும் தெரிவு செய்யப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு 250 பவுண் தொடர்ந்து வழங்க முன்வந்தது.

அச்செய்தியறிந்து 1919ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி, இலண்டனை அடுத்த மருத்துவ விடுதியிலிருந்து, பதிவாளர் டியூஸ்பரிக்கு ஒரு கடிதம் எழுதினார். நன்றி கூறினார். இந்தியா திரும்பியபின் தமக்கு வரவிருக்கும் தொகை தம் தேவைக்கு மிகையென்றார். இங்கிலாந்திலுள்ள செலவுகளைத் தீர்த்தபின், ஆண்டுக்கு 50 பவுண் பெற்றோருக்கு வழங்குமாறும், எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகங்கள் வாங்கவும் செலவிடுமாறும் கேட்டுக்கொண்டார். இதுவும் ஒரு விண்ணப்பமே. யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று வரிக்கு வரி தெளிவாக எழுதப்பட்டது. கட்டணங் கட்ட வழியின்றிக் கல்லூரி வாயிலில் நின்ற நாள்களை அவர் மறந்திருக்கவில்லை.

மார்ச்சு மாதத்தில் தாயகந் திரும்பினார். நோய் குறையவில்லை, கணிதமும் குறையவில்லை. படுக்கையிற் கிடந்தவாறே சிலேற்றுப் பலகையிலும் தாள்களிலும் எழுதினார். 1920ஆம் ஆண்டு சனவரி 12ஆந் திகதி ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், இத்தனை காலம் எழுதாமைக்கு வருந்தி, தாம் புதிதாகக் கண்ட, போலித் தீற்றாச் சார்புகள் என்று தாமே பெயரிட்டவற்றை விளக்கினார். முதற்கடிதம் எழுதி ஏழாண்டு நிறைவதற்கு நான்கு நாள்கள் இருந்தன. ஏப்பிரல் 26ஆந் திகதி, சென்னைச் சேத்துப்பட்டில், 32ஆம் வயதில் அவர் காலமானார்.